ஹைதர் வந்த பட்டணம்: நான்கு படங்கள்

தேனாம்பேட்டை செனடாஃப் ரோடு வழியாக நாம் எல்லோரும் நூறு தடவையாவது போயிருப்போம். கிண்டியில் படித்தவனுக்கு அந்த ரோடு தெரியாமல் இருக்க முடியாது. அதற்கு அப்படி ஏன் பெயர் வந்தது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் முழிப்போம். உடல் வேறெங்கோ அடக்கமாகியிருக்க, நினைவுக்காக மட்டும் எழுப்புகிற மண்டபத்துக்குச் 'செனடாஃப்' என்று பெயர். கார்ன்வாலிஸ் பிரபுவுக்காக அப்படி ஒரு மண்டபம் ஒரு காலத்தில் அங்கே நின்றது. மண்டபம் இடம் மாறிப் போயிற்று. பெயர் மட்டும் ரோட்டில் ஒட்டிக்கொண்டது.

கார்ன்வாலிஸ் யார்? மூன்றாவது மைசூர் யுத்தத்தில் திப்பு சுல்தானை மடக்கியவர். அவர் பெயரால் வந்த அதே ரோட்டை ஒட்டித்தான் இன்றைக்கு ஜப்பான் தூதரக அலுவலகம் இருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் யுத்தத்தைப் படமாக வரைவது என்ற விஷயத்தைப் பேச வேண்டுமென்றால் இந்த இரண்டையும் சேர்த்துப் பேசினால் சுவையாக இருக்கும். முதலில் ஜப்பானுக்கு ஒரு எட்டு போய்விட்டு நம்ம ஊருக்கு வருவோம்.

மூன்று தாளில் ஒரு யுத்தம்

எங்கள் சைட் ஆபீசில் ஒரு காலண்டர் தொங்குகிறது. ஜப்பான் ஆலோசகர் ஒருவர் ஊரிலிருந்து கொண்டுவந்து மாட்டியது. மாதத்துக்கு ஒரு மரக்கட்டை அச்சுப் படம். அதில் ஒன்று 1561-ல் நடந்த கவானகாஜிமா சண்டை. உஎசுகி கென்ஷின் என்ற பிரபு குதிரை மேல் பாய்ந்து வந்து வாளை ஓங்குகிறார். எதிரி தகேதா ஷிங்கென் கையில் வாள் எடுக்க நேரமில்லை. இருந்த இடத்திலிருந்தே இரும்பு விசிறியால் தடுக்கிறார். சுற்றிலும் கொடி, ஈட்டி, ஆறு, புகை. வரைந்தவர் குனியோஷி என்ற புகழ்பெற்ற ஓவியர். சண்டை நடந்து இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 1840-களில் வந்த படம் அது.

இந்தப் படத்தைத் தயாரிக்கிற விதம் நம்ம ஆட்களுக்குப் பிடிக்கும். தனித்தனி மூன்று தாள்; பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே காட்சி. ஓவியர் கோட்டுப்படம் மட்டும்தான் கொடுப்பார். செதுக்குகிறவர் வேறு, அச்சடிக்கிறவர் வேறு, பணம் போட்டு விற்கிற பதிப்பாளர் வேறு. செர்ரி மரப்பலகையில் நிறத்துக்கு ஒரு கட்டை. பத்து நிறமென்றால் பத்துத் தடவை அதே தாள் கட்டை மேல் ஏற வேண்டும். நிறம் கோட்டை விட்டு வழியாமல் இருக்க, ஒவ்வொரு கட்டையிலும் மூலையில் எல் வடிவத்தில் ஒரு வெட்டு, கொஞ்சம் தள்ளி நேராக ஒரு வெட்டு. தாளை அந்த இரண்டிலும் முட்ட வைத்தால் எத்தனை தடவை அடித்தாலும் மயிரிழை பிசகாது. நாம் ஒர்க்‌ஷாப்பில் ஜிக் என்று சொன்னோமே, அதேதான்.

ஆனால் இந்தப் படங்களின் பின்னால் ஒரு சிக்கலும் உண்டு. கவானகாஜிமா மாதிரிப் பழைய சண்டையை வரைந்தால் அரசாங்கம் கண்டுகொள்ளாது. 1573-க்குப் பிந்தைய பிரபுக்களைப் பெயர் போட்டு வரைந்தால் ஆபத்து. ஏனென்றால் ஆட்சியில் இருந்த தொகுகாவா குடும்பம், ஹிதேயோஷி என்ற மாவீரனின் வாரிசுகளை ஒழித்துவிட்டுத்தான் ஆட்சியை நிலைப்படுத்திக்கொண்டது. மக்கள் ஹிதேயோஷியின் படத்தைச் சுவரில் ஒட்டி ரசித்தால் இவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். 1804-ல் உதமாரோ என்ற பெரிய ஓவியர், ஹிதேயோஷியைப் படத்தில் கொண்டுவந்ததற்காக ஐம்பது நாள் கைவிலங்கோடு இருக்க வேண்டி வந்தது. அதற்கப்புறம் வந்தவர்கள் உஷாராகி, பெயரை ஒரு எழுத்து இரண்டு எழுத்து மாற்றிப் போட்டார்கள். பார்க்கிறவனுக்கு ஆள் யாரென்று தெரியும், சட்டத்துக்குத் தெரியாது!

இதிலிருந்து ஒன்று புரிகிறது. யுத்தப் படம் என்பது நடந்து முடிந்த யுத்தத்தைப் பற்றியது மட்டும் இல்லை. அது வரைகிற காலத்தைப் பற்றியது. டிராயிங் கையில் வந்தால் முதலில் வலது கீழ் மூலையைப் பார் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யார் வரைந்தது, யாருக்காக, எந்தத் தேதி, என்ன ஸ்கேல் எல்லாம் அந்தக் கட்டத்துக்குள்தான் இருக்கும். யுத்தப் படத்தையும் அப்படித்தான் படிக்க வேண்டும். அந்தக் கண்ணோடு நம்ம பட்டணத்துக்கு வருவோம். மைசூர்க்காரர்களும் கம்பெனிக்காரர்களும் முப்பது வருஷம் மோதிக்கொண்டதில் நமக்கு நான்கு படங்கள் கிடைக்கின்றன.

முதல் படம்: கோட்டை வாசலில் கேலி

1767-ல் முதல் மைசூர் யுத்தம் நடக்கும்போது பதினாறு பதினேழு வயசுப் பையனாக இருந்த திப்பு, குதிரைப் படையோடு சென்னைப் பட்டணத்தின் புறநகருக்கே வந்துவிட்டான். பரங்கிமலைப் பக்கமும் தோட்ட பங்களாக்களும் சூறையாடப்பட்டன. கம்பெனித் தோட்டத்தில் இருந்த கவர்னர் பௌர்ச்சியரும் கவுன்சில் உறுப்பினர்களும் எதிரே நின்ற ஒரு சிறு கப்பலில் ஏறித் தப்பினார்கள் என்று ஆங்கில வரலாற்றாசிரியர்களே எழுதியிருக்கிறார்கள்.

இரண்டு வருஷம் கழித்து அப்பாவே வந்தார். 1769 மார்ச் கடைசியில், பெரிய படையையும் பீரங்கிகளையும் வேறு பக்கம் அனுப்பி கம்பெனிப் படையைத் திசைதிருப்பிவிட்டு, பொறுக்கி எடுத்த ஆறாயிரம் குதிரை வீரர்களோடு ஹைதர் அலி மூன்றரை நாளில் 130 மைல் ஓடி வந்து பரங்கிமலையில் நின்றார். இன்றைய கணக்கில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். கம்பெனிப் படையோ எங்கேயோ பின்னால் வந்துகொண்டிருந்தது. "டூ ப்ரேயை அனுப்புங்கள், பேசுவோம்" என்றார் ஹைதர். கவுன்சில் உறுப்பினர் டூ ப்ரே போனார். ஏப்ரல் முதல் வாரத்தில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பிடித்த இடங்களை இரண்டு பக்கமும் திருப்பிக் கொடுப்பது. ஒருவரை யாராவது தாக்கினால் மற்றவர் உதவிக்கு வருவது. இந்த இரண்டாவது ஷரத்தை அடுத்த வருஷமே கம்பெனி காற்றில் விட்டது. மராட்டியர் மைசூர் மேல் பாய்ந்தபோது இங்கிருந்து ஒரு சிப்பாய்கூடப் போகவில்லை. ஹைதர் அதை மறக்கவே இல்லை.

இப்போது படத்துக்கு வருவோம். ஹைதரின் பீரங்கிப் படையில் இருந்த மேஸ்த்ர் த லா தூர் என்ற பிரெஞ்சுக்காரர் பிற்பாடு ஒரு புத்தகம் எழுதினார். ஒப்பந்தம் ஆன கையோடு செயின்ட் ஜார்ஜ் கோட்டை வாசலில் ஒரு கேலிப்படம் ஒட்டப்பட்டது என்று அதில் சொல்கிறார். பீரங்கிகளைக் குவித்து, அதன் மேல் குடைக்குக் கீழே ஹைதர் உட்கார்ந்திருக்கிறார். டூ ப்ரே மண்டியிட்டிருக்கிறார். அவர் மூக்கு யானைத் தும்பிக்கை மாதிரி நீண்டிருக்கிறது. ஹைதர் அதைப் பிடித்து உலுக்க, வாயிலிருந்து தங்கக் காசு கொட்டுகிறது! கொத்தளத்தின் மேல் கவர்னரும் கவுன்சிலும் கைகூப்பி முழந்தாளிட்டிருக்கிறார்கள். தளபதி ஸ்மித் ஒரு கையில் ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு தன் வாளைத் தானே உடைக்கிறார்.

இன்னொரு விஷயம் நம்ம தொழில்காரர்களுக்காக. கவுன்சில் பக்கத்தில் ஒரு பெரிய நாய் ஹைதரைப் பார்த்து உறுமுகிறது. அதன் கழுத்துப் பட்டையில் 'ஜே.சி.' என்று எழுத்து. அது ஜான் கால். சென்னை கம்பெனியின் தலைமை எஞ்சினியர்! கேலிப்படத்தில் எல்லோரும் மண்டியிட்டிருக்க, உறுமுகிற தைரியமாவது எஞ்சினியருக்குத்தான் இருந்தது என்று நாம் சமாதானப்படுத்திக்கொள்ளலாம்.

மூலையைப் படியுங்கள். யாருக்காக வரைந்தது? கோட்டைக்குள் போகிற, வெளியே வருகிற ஒவ்வொருவனும் பார்க்கட்டும் என்று வரைந்தது. சண்டையைவிட அவமானம்தான் அதில் முக்கியம். கம்பெனி அந்தப் பயத்தில் என்ன செய்தது என்பதற்கு நம்ம ஊரில் இன்னும் சாட்சி இருக்கிறது. அந்த வருஷங்களில் கறுப்பர் நகரத்தைச் சுற்றிப் பெரிய மதில் எழுந்தது. அந்தச் செலவை ஜனங்களிடம் வரியாக வசூலிக்கப் பார்த்தார்கள், நடக்கவில்லை. வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் நிலைத்தது.

இரண்டாவது படம்: புள்ளலூர் சுவர்

1780 ஜூலையில் ஹைதர் எண்பது தொண்ணூறாயிரம் பேரோடு மலை இறங்கினார். குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி ஒரு படையோடு வந்து, காஞ்சிபுரத்தில் காத்திருந்த ஹெக்டர் மன்ரோவின் பெரிய படையோடு சேர வேண்டும் என்பது திட்டம். பக்சாரில் ஜெயித்த அதே மன்ரோ. பெய்லி ஆகஸ்ட் கடைசியில் கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வந்தார். ஆற்றில் தண்ணீர் இல்லை. நாளைக்குக் காலையில் தாண்டலாம் என்று வடகரையிலேயே கூடாரம் அடித்தார். ராத்திரி வெள்ளம் வந்துவிட்டது! ஒரு வாரத்துக்கு மேல் அங்கேயே உட்கார வேண்டியதாயிற்று. அந்த ஒரு வாரம் திப்புவுக்குப் போதும். ஆற்றை வறண்டிருக்கும்போதே தாண்டு என்பதை சைட்டில் வேலை பார்த்த எந்த சிவில்காரனும் சொல்வான்.

செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கும் புள்ளலூரில் பெய்லியை இரண்டு பக்கமும் மடக்கினார்கள். பல்லவன் மகேந்திரவர்மன் எதிரிகளை முறியடித்ததாகச் செப்பேடு சொல்கிற அதே புள்ளலூர்தான். மைசூர் ராக்கெட்டுகளும் பீரங்கிகளும் பொழிந்தன. மருந்து வண்டிகள் வெடித்தன. மூவாயிரத்து சொச்சம் பேர் இருந்த படை அங்கேயே முடிந்தது. அதில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள் என்பதை மனசில் வையுங்கள். பெய்லி கைதியாகி ஸ்ரீரங்கப்பட்டணம் போய் 1782-ல் சிறையிலேயே இறந்தார். சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்த மன்ரோ, கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரம் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகத் திரும்பி ஓடிவந்து, கடைசியில் ஆற்றைக் கேடயமாக வைத்துக்கொண்டு 'மார்மலாங்'கில் நின்றார். மார்மலாங் என்று இங்கிலீஷ்காரன் கடித்துத் துப்பியது நம்ம மாம்பலம். ஆறு என்பது அடையாறு. சைதாப்பேட்டையில் மறைமலை அடிகள் பாலம் இருக்கும் இடத்துக்கே அன்றைக்கு மார்மலாங் பாலம் என்றுதான் பெயர். இன்றைக்கு ரங்கநாதன் தெருவில் தீபாவளிக் கூட்டத்தில் நசுங்குகிறோமே, அந்தப் பக்கம்தான் ஒரு தோற்ற படை மூச்சு வாங்கியது.

இந்த ஜெயிப்பைத் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784-ல் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் வரையச் சொன்னார். மைசூருக்குக் காலேஜ் டூர் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். நடுவில் சிவப்புச் சட்டைப் படை சதுரமாக நிற்கிறது. அதற்குள் பெய்லி பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். மேலே மருந்து வண்டி வெடிக்கிறது. சுற்றிலும் மைசூர்க் குதிரைப்படை வெள்ளமாக வருகிறது. திப்பு மட்டும் தோட்டம் சுற்றிப் பார்க்க வந்தவர் மாதிரி ஒரு ரோஜாவை முகர்ந்துகொண்டிருக்கிறார்! தாமதமாக வந்த நிஜாமையும் விடவில்லை. அவர் பக்கத்தில் ஒரு பசுவும் ஒரு காட்டுப்பன்றியும். சொன்னது பசு, செய்தது பன்றி என்று அங்கே வழிகாட்டிகள் விளக்குவார்கள்.

இதே காட்சி தாளிலும் உண்டு. பத்துத் தாள்களைச் சேர்த்து சுமார் 32 அடி நீளத்துக்கு வரைந்த படம் ஒன்று 2022 மார்ச்சில் லண்டனில் ஏலம் போனது. 6,30,000 பவுன். ஜப்பான்காரன் மூன்று தாளில் செய்ததை நம்மாட்கள் பத்துத் தாளில் செய்திருக்கிறார்கள். ஒரு வித்தியாசம்: அங்கே கட்டையில் செதுக்கி ஆயிரக்கணக்கில் அடித்துத் தெருவில் விற்றார்கள். இங்கே சுவரில் ஒன்று, தாளில் சில. ராஜாவும் தர்பாரும் பார்க்கிற படம்.

இந்தச் சுவரின் மூலையில் என்ன இல்லை என்று பாருங்கள். 1781 ஆகஸ்ட் 27 அன்று அதே புள்ளலூரில் ஐயர் கூட் மறுபடி மோதினார். இந்தத் தடவை ஜெயித்தது தாங்கள் என்று இங்கிலீஷ்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். அதில் இறந்த இரண்டு அதிகாரிகளுக்கு எழுப்பிய கல்தூண்கள் அந்த ஊரில் நிற்கின்றன. அந்தச் சண்டை சுவரில் இல்லை. சுவருக்கு 1780 செப்டம்பர் 10-க்குப் பிறகு காலண்டரே கிடையாது.

இதைவிட வேடிக்கை: 1799-ல் திப்பு விழுந்த பிறகு அந்த மாளிகையில் தங்கியது ஆர்தர் வெல்லஸ்லி. 1850-களில் அந்தச் சுவர்ப்படத்தைப் புதுப்பிக்க உத்தரவிட்டது கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி. தங்கள் தோல்வியை வெள்ளைக்காரர்களே காசு கொடுத்து மறுபடி வரையச் சொன்னார்கள். எதிரி அவ்வளவு பலசாலி என்று தெரிந்தால்தானே ஜெயித்தவனுக்குப் பெருமை! அதே படம்; மூலையில் பெயர் மாறிவிட்டது.

மூன்றாவது படம்: பீடத்தில் இரண்டு பையன்கள்

1792-ல் காட்சி தலைகீழாயிற்று. கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டார். பாதி ராஜ்யம் போயிற்று. மீதிப் பணம் கட்டும்வரை ஜாமீனாகத் திப்புவின் இரண்டு பிள்ளைகளைக் கொடுக்க வேண்டும் என்று ஷரத்து. அப்துல் காலிக், முயிசுத்தீன். பத்து வயசு, எட்டு வயசு இருக்கும். பிப்ரவரியில் அவர்களைக் கார்ன்வாலிஸிடம் ஒப்படைத்தார்கள். அந்தப் பிள்ளைகளைச் சென்னைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். 1794-ல்தான் அப்பாவிடம் திரும்பிப் போனார்கள்.

லண்டனுக்கு இதைவிடத் தீனி வேண்டுமா? ராபர்ட் ஹோம் என்ற ஓவியர் கார்ன்வாலிஸோடு கூடவே போனவர். பெரிய தைல ஓவியமாகத் தீட்டினார். இன்னும் பலர் வரைந்தார்கள். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து வீட்டுக்கு வீடு விற்றார்கள். ஜப்பானில் செர்ரிக்கட்டை செய்த வேலையை இங்கிலாந்தில் செப்புத்தகடு செய்தது. எல்லாவற்றிலும் ஒரே காட்சி: கருணையுள்ள தாத்தா மாதிரி கார்ன்வாலிஸ் குனிந்து பிள்ளைகளின் கையைப் பிடிக்கிறார். பணயம் வாங்கிய சம்பவம் தர்ம காரியமாகிவிட்டது. யார் வரைந்தது, யாருக்காக என்று கேட்டுப் பாருங்கள், விளங்கும்.

தாமஸ் பேங்க்ஸ் என்ற சிற்பி செய்த கார்ன்வாலிஸ் சிலை இன்று கோட்டை மியூசியத்தில் நிற்கிறது. அண்ணாந்து அவரைப் பார்க்காதீர்கள். குனிந்து பீடத்தைப் பாருங்கள். அந்தப் பையன்களை ஒப்படைக்கும் காட்சி புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. 1769-ல் அந்தக் கோட்டை வாசலில் ஹைதர் மூக்கைப் பிடித்து உலுக்கினார் அல்லவா? அதே கோட்டைக்குள் அவர் பேரப் பிள்ளைகள் கல்லில் நிற்கிறார்கள்.

நான்காவது படம்: நம்முடையது

இப்போதுதான் நம் காலேஜ் வருகிறது. 1792 ஒப்பந்தத்தில் பாராமகால் என்ற சேலம், கிருஷ்ணகிரிப் பக்கமும், திண்டுக்கல்லும், மலபாரும் கம்பெனிக்கு வந்தன. வந்த நிலம் எவ்வளவு, எல்லை எது, வரி எவ்வளவு என்று தெரிய வேண்டும். அளக்க ஆள் போதாது. 1794 மே மாதம் மைக்கேல் டாப்பிங் என்பவர் கோட்டைக்குப் பக்கத்தில் எட்டு மாணவர்களோடு ஒரு சர்வே பள்ளி தொடங்கினார். அநாதை ஆசிரமப் பையன்கள்தான் மாணவர்கள். அந்தப் பள்ளிதான் பிறகு எஞ்சினியரிங் காலேஜ் ஆகி, 1920-ல் கிண்டிக்கு வந்து, நம்மை எல்லாம் பெற்றெடுத்தது. திப்புவின் பிள்ளைகள் ஊருக்குத் திரும்பிய அதே 1794-ல் நம் பள்ளி பிறந்திருக்கிறது.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது அந்தப் படையில் வில்லியம் லாம்ப்டன் என்ற அதிகாரி இருந்தார். பிடித்த நாட்டை நட்சத்திரத்தையும் கோணத்தையும் வைத்துத் துல்லியமாக அளக்கலாம் என்று திட்டம் கொடுத்தார். 1802 ஏப்ரல் 10 அன்று வேலையைத் தொடங்கினார். எங்கே? பரங்கிமலை அடிவாரத்தில்! ஹைதரின் ஆறாயிரம் குதிரை நின்ற இடத்திலிருந்து நூறு அடி இரும்புச் சங்கிலியைப் பிடித்து, சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை அளந்து முடிக்கப் பல வாரம் ஆயிற்று. அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வளர்ந்ததுதான் இமயமலை வரை போன இந்தியாவின் மகா முக்கோண அளவை.

அதுதான் நான்காவது படம். மேப். இதில் ரோஜா இல்லை, பல்லக்கு இல்லை, விரலைக் கடிக்கிறவர் இல்லை. கோடும் எண்ணும் மட்டும். அதனால் இது நிஜம், மற்ற மூன்றும் பிரசாரம் என்று நமக்குத் தோன்றும். அவசரப்படாதீர்கள். இதற்கும் மூலையில் ஒரு கட்டம் உண்டு. யாருக்காக? நாட்டைப் பிடித்த கம்பெனிக்காக. மற்ற மூன்று படங்களும் நடந்த யுத்தத்தைக் காட்டின. இது அடுத்த யுத்தத்துக்கு வழி காட்டியது, வரிக்குக் கணக்கும் காட்டியது.

இன்னொரு படத்தையும் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை. நம் சகோதரக் கல்லூரியான குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த அப்துல் கலாம் 1960-களில் அமெரிக்காவில் நாசாவின் வாலப்ஸ் தீவுக்குப் பயிற்சிக்குப் போனார். அங்கே வரவேற்பறையில் ஒரு ஓவியம். ராக்கெட்டுகள் பறக்கின்றன, விடுகிற வீரர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் திப்புவின் படை! சொந்த ஊர் மறந்த விஷயத்தை வேற்றூர்ச் சுவரில் பார்த்ததை அவர் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இரும்புக் குழாய்க்குள் மருந்தை இறுக்கி, மூங்கிலில் கட்டி விட்ட அந்த ராக்கெட்டைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் காங்கிரீவ் தன் ராக்கெட்டைச் செய்தார்.

எந்தப் படத்திலும் வராதவர்கள்

நான்கு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கூட்டம் எதிலுமே இல்லை. 1780-ல் ஹைதர் இறங்கி வந்தபோது கம்பெனிப் படைக்குச் சோறும் தீவனமும் கிடைக்கக் கூடாது என்று பட்டணத்தைச் சுற்றி ஊர் ஊராகக் கொளுத்தினார்கள். கம்பெனியும் நவாபும் அதற்கு முன்பே வரியென்றும் கடனென்றும் அந்த ஊர்களைக் கறந்திருந்தார்கள். உழுகிறவன் மாட்டையும் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு பட்டணத்துக்கு ஓடி வந்தான். 1781, 82-ல் பஞ்சம். கடல் வழியாக அரிசி வந்தால்தான் அடுப்பெரியும். 1782 அக்டோபரில் புயல் அடித்து, அரிசி ஏற்றி நின்ற கப்பல்கள் பல மூழ்கின. தெருவில் ஜனங்கள் செத்து விழுந்தார்கள்.

அந்த 1782-ல் ராயபுரம் பக்கம் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் தொடங்கினார்கள். மணியக்காரர் சத்திரம். அங்கேயே வைத்தியமும் சேர்ந்தது. வடசென்னைக்காரர்கள் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று கூப்பிட்டார்கள். இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு மூலம் அதுதான். யோசித்துப் பாருங்கள். ஒரே யுத்தத்திலிருந்து இந்தப் பட்டணத்தில் இரண்டு ஸ்தாபனம் முளைத்திருக்கிறது. ஒன்று நிலத்தை அளந்தது. ஒன்று கஞ்சி ஊற்றியது. அளந்த பள்ளிக்கு நாம் வாரிசு. கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களை யாரும் சுவரில் வரையவில்லை, செம்பில் செதுக்கவில்லை, பீடத்தில் ஏற்றவில்லை. ஜப்பான் படத்திலும் அப்படித்தான். கென்ஷினும் ஷிங்கெனும் மோதுகிற வயல் யாருடையது என்று அந்த மூன்று தாளில் தேடினால் கிடைக்காது.

இதை நான் சும்மா தத்துவத்துக்காகச் சொல்லவில்லை. நம் தொழிலே படம் வரைவதுதான். எங்கள் டிராயிங்கில் புள்ளிக்கோடு போட்டு 'அகற்றப்பட வேண்டிய கட்டடம்' என்று ஒரு குறிப்பு வரும். சைட்டுக்குப் போனால் அது ஒரு டீக்கடை. இருபது வருஷமாக ஒரு அம்மா நடத்துகிறது. "என்ன தம்பி, எங்க கடையும் உங்க படத்துல இருக்கா?" என்று ஒரு தடவை கேட்டது. இருக்கிறது, புள்ளிக்கோடாக. அந்த அம்மா பெயரும், அந்தக் கடையை நம்பி இருக்கிறவர்களின் எண்ணிக்கையும் நம் படத்தில் ஒரு மூலையிலும் வராது. வேறு கோப்பில் வரும், அல்லது வராமலே போகும். அந்தக் கோப்பு எங்கே, யார் கையில், இழப்பீடு போய்ச் சேர்ந்ததா என்று ஒரு போன் போட்டுக் கேட்கிற எஞ்சினியர் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர் அப்படிக் கேட்காமல் ஒரு டிராயிங்கிலும் கையெழுத்துப் போட மாட்டார். 1794-ல் டாப்பிங்கின் எட்டுப் பையன்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க யாரும் சொல்லித் தரவில்லை. நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

கடைசியாக ஒரு யோசனை. ரீயூனியன் முடிந்து மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வெளியூர் நண்பர்கள் சும்மாதானே இருப்பீர்கள்? ஒரு வேன் பிடிப்போம். காலையில் கோட்டை மியூசியத்தில் அந்தப் பீடம். அங்கிருந்து பரங்கிமலை மேலே ஏறி, கீழே லாம்ப்டன் கோடு எந்தப் பக்கம் ஓடியிருக்கும் என்று ஒரு பந்தயம். மத்தியானம் காஞ்சிபுரத்தில் இட்லி. சாயங்காலம் புள்ளலூர். அங்கே கல்தூணுக்குப் பக்கத்து வயலில் வேலை செய்கிறவர்களிடம் கொஞ்சம் பேசலாம். நமக்குத் தெரியாத ஐந்தாவது படம் அவர்கள் பாட்டி சொன்ன கதையில் இருந்தாலும் இருக்கும். வருகிறவர்கள் மலர்க்குழுவிடம் பெயர் கொடுங்கள். டீசல் செலவு பங்கு. மகாமுக்கோண முறைப்படி துல்லியமாகப் பிரித்துக்கொள்ளலாம்.